பலூச்சிக்கும் ஹ்மொங்குக்கும் நடுவில் ஒரு படுக்கை விரிப்பு

பலூச்சி மொழியையும் ஹ்மொங் மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. டென்மார்க்கில், எங்கள் ஹோர்சன்ஸ் நகரத்தில் ஒருத்திதான். அது நான். எந்தப் பல்கலைக்கழகமும் என்னைக் கேட்கவில்லை. சலவைத் தொழிற்சாலையின் லீடர் கேட்டான். ஆராய்ச்சிக்குக் கிடைத்த கௌரவம் கன்டீனில் ஒரு கோப்பை கோப்பி. அதையும் நானேதான் ஊற்றிக்கொண்டேன்.

எங்கள் தொழிற்சாலைக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வரும். கட்டடத்தை நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். மூட்டைகளைத் தூக்கி, அவிழ்த்து, பிரித்துத் துவைக்கப் போடுவது அழுக்குப் பக்கம். துவைத்தது வந்து விழுவது சுத்தப் பக்கம். சுவரில் பெரிய கண்ணாடி ஒன்று உண்டு. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போவதென்றால் உடுப்பு மாற்றி, முழங்கை வரை கழுவி, செருப்பையும் மாற்ற வேண்டும். அதனால் ஒருவரும் போவதில்லை. கண்ணாடி வழியாகக் கையாட்டுவதோடு உறவு முடிந்துவிடும்.

சுத்தப் பக்கத்தில் விரிப்புகளைத் தேய்த்துக் காயவைக்கும் சூட்டு உருளை ஒன்று நிற்கிறது. அதை ரூலெ என்போம். ஈர விரிப்பின் இரண்டு மூலைகளை இரண்டு பேர் பிடித்து, ஒரே நேரத்தில் அதன் கிளிப்புகளில் கொடுக்க வேண்டும். ஒருவர் முந்தினால் விரிப்பு கோணலாகப் போய்ச் சிக்கும். பிந்தினாலும் அதே கதைதான். நாள் முழுக்க இன்னொருவரின் கையைப் பார்த்தபடி நிற்கிற வேலை. கல்யாணம் கட்டியவர்களை அதில் நிறுத்தினால் மத்தியானத்துக்குள் விவாகரத்து.

அந்த ரூலெயில் ஆறு வருடமாக இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பலூச்சி, ஈரான் பக்கத்துப் பலூச்சிஸ்தானிலிருந்து தனியாக வந்தவர். மற்றவள் ஹ்மொங், லாவோஸ் மலைப்பக்கத்தில் பிறந்து, ஒரு டேனிஷ்காரனைக் கட்டி இங்கே வந்தவள். அவன் பிறகு வேறொருத்தியோடு போய்விட்டான். போகும்போது இவளுக்கு ஒரு சைக்கிளையும் அரைகுறை டேனிஷையும் விட்டுப்போனான். சைக்கிள் நல்ல சைக்கிள்.

இருவரும் கதைப்பார்கள். உருளை இரையும் என்பதால் சத்தம்போட்டுக் கதைப்பார்கள். அவர் பலூச்சியில் ஒரு நீளக் கதை சொல்வார். கொஞ்சம் பொறுத்து அவள் ஹ்மொங்கில் இன்னொரு நீளக் கதை சொல்வாள். அவர் "ம், ம்" என்று தலையாட்டுவார். அவர் கையைக் காலை ஆட்டிச் சொல்லும்போது அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒருவர் சொல்வதில் ஒரு சொல் மற்றவருக்கு விளங்காது. அது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மற்றப் பாதிக்கு, வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் கதைத்தால் அது ஒரே மொழிதான். அந்த மொழியின் பெயர் வெளிநாட்டு மொழி.

நானும் சுத்தப் பக்கம்தான், அங்கே தொழிலாளர் பிரதிநிதி. தேர்தல் நடந்த அன்று கையைத் தூக்கியது நான் ஒருத்திதான். யன்னலைப் பூட்டச் சொல்லத்தான் தூக்கினேன். கைதட்டி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வினை மடிப்பு மேசையில் தொடங்கியது. அங்கே நிற்கிற டேனிஷ் பெண்கள் இருவர் முறைப்பாடு கொடுத்தார்கள்: ரூலெயில் நிற்பவர்கள் தங்கள் மொழியில் எங்களைப் பற்றிக் கதைத்துச் சிரிக்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பஸ் தரிப்பில் இரண்டு போலந்துக்காரர் சிரித்தால் என் வீட்டுக்காரர் குனிந்து தன் சிப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். விளங்காத மொழியில் எல்லாரும் எங்களைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். வேறென்ன வேலை அவர்களுக்கு?

லீடருக்கு முப்பத்திரண்டு வயது. என் மூத்த மகளை விட நாலு வயதுதான் கூட. ஒரு நோட்டீஸ் ஒட்டினான்: "இங்கே டேனிஷ் பேசுவோம்." கீழே சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று. அப்படிச் சிரிக்கிற முகம் போட்டு வருகிற எந்தக் கடதாசியும் எனக்கு நல்ல சேதி கொண்டுவந்ததில்லை. அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, இருவரையும் பிரிக்கப்போவதாகச் சொன்னான். அவர் ரூலெயில் நிற்பாராம். அவள் முதலாம் திகதியிலிருந்து அழுக்குப் பக்கம் போவாளாம்.

அவளுடைய வலது தோள் பழுது. தலைக்கு மேலே பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அழுக்குப் பக்கத்தில் வேலையே தலைக்கு மேலே பாரம் தூக்குவதுதான். ஒரு மாதம் நிற்பாள், பிறகு நோய் விடுப்பு, பிறகு நோய்ப்பணம் கொடுக்கிற நகரசபையில் ஒரு கூட்டம், பிறகு இன்னொரு கூட்டம், பிறகு வேலை இல்லை. அந்தப் பாதையில் மூன்று பேர் போவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாரையும் கேக் வெட்டித்தான் அனுப்பினோம்.

"அவர்கள் ஒரே மொழி பேசவில்லை" என்றேன்.

"ஆறு வருடமாகப் பேசுகிறார்கள்" என்றான் லீடர்.

"ஆளுக்கொரு மொழியில்."

சின்னப் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் என்று இவர்கள் தனியாக வைத்திருக்கும் ஒரு புன்னகை உண்டு. அதைச் செய்தான். "விளங்காமல் யாராவது ஆறு வருடம் பேசுவார்களா? நீ சொல்வது உண்மை என்றால் எழுத்தில் கொடு. இரண்டு கிழமை தருகிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மொழி ஒன்றல்ல என்று எழுத்தில் கொடுக்க வேண்டுமாம். பூனையும் சைக்கிளும் ஒன்றல்ல என்று ஒரு கடதாசி கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். சரி, தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் எனக்கு எப்போதும் கையை விட முந்திப் போகும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "பலூச்சிஸ்தான்" என்ற சொல் காதில் விழுந்ததும் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு சொல்லுக்காக அவர் சத்தத்தைக் குறைத்தது அதுதான் முதல் தடவை.

"இஞ்சை பாரும், அந்தாள் எங்கட ஆள்!" என்றார்.

"ஆர் எங்கட ஆள்?"

"உந்தப் பலூச்சிக்காரர். அங்கைதான் பிராகூயி எண்டொரு பாசை இருக்கு. திராவிட பாசை. எங்கட தமிழுக்குச் சொந்தம். இவ்வளவு நாளும் நீர் இதைச் சொல்லேல்லை!"

"ஆறு வரிசமா என்னோட ஒரே கன்டீனிலை சாப்பிடுறார். இப்பதான் சொந்தக்காரரோ? நல்ல கூத்து."

"ஆயிரக்கணக்கான வரிசத்துக்கு முந்திப் பிரிஞ்சது. உமக்கு உடன தெரியுமே?"

அன்றிரவே நாலு பேருக்குப் ஃபோன் அடித்தார். ஹோர்சன்ஸில் காணாமல் போன உறவு ஒன்று கிடைத்துவிட்டது, பொங்கல் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், பத்து நிமிடம் பேசவும் விட வேண்டும் என்று தீர்மானமாகிவிட்டது. உலகத்தில் எங்கே எவர் வாயைத் திறந்தாலும் அதற்குள் தமிழ் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்கிற வியாதி எங்கள் ஆட்களுக்கு உண்டு. எனக்கும் கொஞ்சம் தொற்றியிருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மறுநாள் கன்டீனில், அவர் பிராகூயியா என்று அவரிடமே கேட்டேன்.

அவரும் அவளும் நானும் எங்களுக்குள் கதைப்பது டேனிஷில். டேனிஷ்காரருக்கு விளங்காத, ஆனால் எங்களுக்குள் நன்றாக ஓடுகிற டேனிஷ். அதை என் தமிழிலேயே தருகிறேன்.

"பிராகூயியோ? ஓம், அப்பிடி ஆக்கள் இருக்கினம். நான் பிராகூயி இல்லை, பலூச்சி" என்றார். "என்ர பெரியப்பான்ர மனிசி பிராகூயி. நல்ல மனிசி. அவ தன்ர தாயோட கதைக்கிறது ஒண்டும் எங்களுக்கு விளங்காது."

பொன்னாடை அப்போதே வாங்கியாகிவிட்டது. அது இன்னமும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது.

பிறகு ஆராய்ச்சியைத் தொடங்கினேன். மொழிகளை ஒப்பிடுகிறவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று இணையத்தில் தேடிப் பார்த்தேன். பெரிய சொற்களைக் கேட்கக்கூடாதாம். எந்த வீட்டிலும் புழங்குகிற சின்னச் சொற்களைக் கேட்க வேண்டுமாம்: தண்ணீர், உப்பு, கண், கை, தாய், தகப்பன், மகன், பிறத்தல், சாதல், ஒன்று, இரண்டு. நாற்பது சொல் எழுதிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரையும் எதிரும் புதிருமாக இருத்தி, கொப்பியைத் திறந்து, வாத்திச்சி மாதிரி உட்கார்ந்தேன்.

பலூச்சி சொன்னால் சொன்னபடி காதில் நிற்கிறது. தண்ணீர் ஆப். கை தஸ்த். தாய் மாத். உப்பு வாத். ஒன்று, இரண்டு, மூன்று என்பது யக், தோ, ஸெய். கடகடவென்று எழுதிவிட்டேன். ஹ்மொங் அப்படி இல்லை. தண்ணீருக்கு டெ என்றாள். நானும் டெ என்றேன். அது இல்லை என்றாள். இன்னொரு தடவை சொன்னேன். அதுவும் இல்லை என்றாள். ராகம் பிழையாம். அந்த மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ராகம் உண்டு. ராகம் மாறினால் பொருளே மாறிவிடும். அவள் என் கொப்பியை வாங்கி இங்கிலிஷ் எழுத்தில் எழுதிக் காட்டினாள். கடைசியில் ஒரு எழுத்தைப் போட்டுவிட்டு, "இதை வாசிக்கக்கூடாது" என்றாள்.

"வாசிக்காத எழுத்தை ஏன் போடுறாய்?"

"அது எப்பிடிப் பாடுறது எண்டு சொல்லுற எழுத்து."

தாய்க்கு நியா. கைக்குத் தே. ஒன்று, இரண்டு, மூன்றுக்கு ஈ, ஓ, பே. நான் பாடப்பாட அவள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். கன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கன்டீனில் என்னை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. என் தமிழ்க் காதுக்கு ராகம் பிடிபடவே இல்லை. எங்கள் மொழிதான் உலகத்திலேயே கஷ்டமான மொழி என்று இவ்வளவு காலமும் பெருமையடித்துத் திரிந்தவள் நான்.

பட்டியலில் "சாதல்" வந்தபோது அவள் உடனே துவா என்றாள். அவர் கொஞ்ச நேரம் எடுத்தார். சொல் மறந்துபோய்விட்டது போல என்று நினைத்து, "செத்துப்போனான் எண்டால் என்னெண்டு சொல்லுவியள்?" என்று தூண்டினேன். "முர்த்" என்றார். எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போனேன். எனக்கு அவசரம், சாப்பாட்டு நேரம் அரை மணித்தியாலம்தான்.

நாற்பது சொல்லில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வீட்டில் என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேய்ந்தார். "மாத்! பாத்தீரே, மாதா!" என்றார். அது சமஸ்கிருதம் என்றேன். "பஞ்ச்! அஞ்சு!" என்றார். அது சமஸ்கிருதத்துப் பஞ்ச, எங்கள் அஞ்சு வேறு என்றேன். ஹ்மொங் பக்கத்தை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அது சீனனின் பாசையாம். சீனாவுக்கும் அதற்கும் உள்ள தூரத்தை விளக்கப் போனேன். டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். இளைய மகள் மட்டும் பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டு டேனிஷில், "அம்மா, இது டேனிஷ் மாதிரி இருக்கே" என்றாள்.

நான் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில்தான் பதில் சொல்வாள். அன்றைக்கு அது உதவியாக இருந்தது. பலூச்சியில் சகோதரன் ப்ராஸ், டேனிஷில் ப்ரோர். பெயருக்கு அங்கே நாம், இங்கே நவ்ன். புதிதுக்கு அங்கே நோக், இங்கே நூ. இரண்டுக்கு அங்கே தோ, இங்கே டோ. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆறு வருடமாக அவர் பக்கத்தில் நின்றவள் அவருக்கு மொழியில் ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை. முறைப்பாடு கொடுத்த இரண்டு பேரும்தான் சொந்தக்காரர்.

இரண்டாம் கிழமை முடிவில் கூட்டம் நடந்தது. லீடர், முறைப்பாடு கொடுத்த இருவர், ரூலெக்காரர் இருவர், நான். பட்டியலை எல்லாருக்கும் கொடுத்தேன். லீடர் பார்த்தான். "இவர்கள் வேண்டுமென்றே வேறு வேறு சொல் சொல்லியிருக்கலாமே" என்றான். ஒருவருக்கு ஒன்று விளங்கும் என்று நிரூபிக்கலாம். விளங்காது என்று எந்தக் கடவுளாலும் நிரூபிக்க முடியாது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து டேனிஷ் விளங்காததற்காகத் திட்டு வாங்குகிறோம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, விளங்குகிறது என்று குற்றம் சாட்டினார்கள்.

நான் கடைசித் தாளை எடுத்தேன். ப்ராஸ், ப்ரோர். நாம், நவ்ன். நோக், நூ. தோ, டோ. ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"லீடர், பட்டியல் சொல்வது இதுதான். ஒரே குடும்பத்து மொழியை வைத்துக்கொண்டு மறைப்பது இந்த மனிதரும் முறைப்பாடு கொடுத்த இந்த இரண்டு பேரும்தான். பிரிப்பதென்றால் இவர்களைப் பிரியுங்கள்."

முறைப்பாடு கொடுத்தவர்களில் ஒருத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள், கல்யாண வீட்டில் தெரியாத மச்சானைக் காட்டினால் பார்ப்பது போல. லீடர் தன் ஃபோனில் தேடினான். நீண்ட நேரம் தேடினான். நான் சொன்னதை ஃபோனும் சொன்ன பிறகு நம்பினான். அவள் அழுக்குப் பக்கம் போகத் தேவையில்லை என்று தீர்மானமானது. நான் வென்றுவிட்டேன். இரண்டு நாள் தலை நிமிர்ந்து நடந்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

லீடருக்குப் பிழை விட்ட நெஞ்சு குறுகுறுத்திருக்க வேண்டும். இவர்களுக்குப் பரிகாரம் என்றால் போஸ்டர்தான். என் பட்டியலைப் பெரிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ரூலெக்கு நேர் எதிரே சுவரில் மாட்டினான். மேலே கொடிகள் வேண்டும் என்றான். ஈரான் கொடி போட்டான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாவோஸ் கொடி போட்டான். அவள் தலையாட்டி மறுத்தாள். இரண்டு மொழிக்கும் நாடு இல்லை என்று சொன்னேன். மொழி இருந்தால் நாடு இருக்கத்தானே வேண்டும் என்றான். அதை என்னிடம், ஒரு ஈழத்தமிழச்சியிடம் சொன்னான்! கடைசியில் இரண்டு பக்கமும் டேனிஷ் கொடியைப் போட்டுவிட்டுத் திருப்தியாகப் போனான்.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணி இடைவேளைக்கு அவள் கன்டீனுக்கு வரவில்லை. தேடிப் போனேன். உடுப்பு மாற்றும் அறையில் நீள வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"போஸ்டரிலை நீ எழுதினியே, பச்ச் எண்டு. அது மகன்தானே?" என்றாள்.

"ஓம்."

"முர்த்?"

"செத்துப்போனான்."

"அவர் சொல்லுற கதையிலை அந்த ரெண்டும் பக்கத்திலை பக்கத்திலை வரும். ஒவ்வொரு திங்களும் வரும். அவர் கையை இப்பிடிப் பிரட்டிப் பிரட்டிக் காட்டுவார்." தன் கையைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டினாள். "நான் ஏதோ பகிடிக் கதை எண்டு நினைச்சன். ஒவ்வொரு திங்களும் சிரிச்சனான். ஆறு வரிசம் சிரிச்சிருக்கிறன்."

  வாங்கில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு ரூலெயில் சத்தம் நின்றது. அவள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்க்காமல் கையை எப்படிப் பார்ப்பது? விரிப்புகள் கோணலாகப் போய்ச் சிக்கின. லீடருக்குச் சந்தோஷம், நோட்டீஸ் வேலை செய்கிறது என்றான். மடிப்பு மேசைக்காரிகள் இருவரும் என்னிடம் வந்து, "ஏன் இவர்கள் பேசுவதில்லை? எங்களோடு கோபமா?" என்று கேட்டார்கள். கதைத்தாலும் அவர்களைப் பற்றி, கதைக்காவிட்டாலும் அவர்களைப் பற்றி.

மூன்றாம் கிழமை அவள் தானாகவே போய் அழுக்குப் பக்கம் மாற்றித் தரும்படி கேட்டாள். எந்த மாற்றத்தைத் தடுக்க நான் நாற்பது சொல் பாடினேனோ, அதே மாற்றம். லீடர் நின்ற நிலையிலேயே கையெழுத்துப் போட்டான்.

"உனக்கு விசரே? தோள் என்னாகும்?" என்று கத்தினேன்.

"அவருக்கு முன்னாலை நிண்டு மூலை பிடிக்க என்னாலை ஏலாது" என்றாள்.

அவரிடம் போனேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. போஸ்டரை அவருக்கும் வாசிக்கத் தெரியும்தானே. அவருடைய மகன் பத்தொன்பது வயதில், எல்லையில் டீசல் ஏற்றிப்போன வண்டி உருண்டு செத்தவன். அதை அவர் இங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒருவருக்கும் என்றால், விளங்கக்கூடிய ஒருவருக்கும்.

"அவளுக்கு விளங்காது எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை மனிசி ஃபோனிலை அழும். நான் தேத்துவன். என்ர ஆக்களிலை ஆருக்குச் சொன்னாலும் அவையும் அழுவினம். பிறகு அவையளையும் நான்தான் தேத்தவேணும். இவள் மட்டும்தான் சிரிப்பாள். சிரிச்சால், வண்டி உருளுற இடத்திலை நிக்காமல், முழுக்கச் சொல்லி முடிச்சிடுவன். பெடியன் பகிடிக்காரன். ஆராவது சிரிக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

இதை அப்படியே கொண்டுபோய் அவளிடம் சொன்னேன். "நீ சமாதானம் பேசுற ஆள். சும்மா சொல்லுறாய்" என்றாள். பதவியின் பலன் அது. அன்று போகும்போது போஸ்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். லீடர் கேட்டால் விழுந்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். அவன் கவனிக்கவே இல்லை. ஆனால் சுவரிலிருந்து கழற்றலாம், தெரிந்துகொண்டவளின் மண்டையிலிருந்து எப்படிக் கழற்றுவது? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எல்லாரும் சொல்வது விளங்கும். அதனால்தான் சாப்பாட்டு மேசையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதைத் தெரிந்திருந்தும் நான் இந்த வேலை பார்த்தேன்.

அழுக்குப் பக்கத்தில் அவள் தோளில் பட்டி கட்டிக்கொண்டு மூட்டை இழுப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு கிழமை போனது. இரண்டாவது திங்கள் பத்து மணி இடைவேளையில், அவர் கன்டீனுக்குப் போகாமல் நேராகக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். கையாட்டினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கதைக்கத் தொடங்கினார்.

அந்தக் கண்ணாடி வழியாக ஒரு சத்தமும் கேட்காது. அந்தப் பக்கம் மூட்டைகள் விழுகிற இரைச்சல், இந்தப் பக்கம் உருளை இரைச்சல். அவர் வாய் மட்டும் அசைந்தது. எதையும் விடாமல் சொன்னார். கையைத் தூக்கினார். பிரட்டினார். பிரட்டிப் பிரட்டிக் காட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நின்றார். கடை வாசலில் பாக்கிக் காசுக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

அவள் மூட்டையை விட்டுவிட்டாள். வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணால் தண்ணீர் ஓட ஓட, தோள் குலுங்க, பழுதான தோளும் சேர்ந்து குலுங்கச் சிரித்தாள். அவர் "ம், ம்" என்று தலையாட்டினார்.

லீடர் என் பக்கத்தில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்ன பேசுகிறார்கள்?" என்றான். இரண்டு மொழியிலும் நிபுணி நான் என்பது அவனுக்குத்தானே தெரியும்.

"உன்னைப் பற்றி" என்றேன்.

அவன் சட்டைக் கொலரைச் சரிசெய்தான். அடுத்த நாளும் அவர் கண்ணாடிக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். நாலாம் நாள் லீடர் என்னைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் சுவருக்குச் சுவர் நின்று நேரத்தை வீணாக்குவதை விட ஒரே இடத்தில் நின்று வேலை செய்தபடி பேசுவது உற்பத்திக்கு நல்லது என்று தான் யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னான். நல்ல யோசனை என்று பாராட்டினேன். அவள் தோளுக்கு டாக்டர் எழுதிய கடதாசியையும் அன்றைக்குத்தான் வாசித்ததாகச் சொன்னான்.

இப்போது இருவரும் மறுபடி ரூலெயில் நிற்கிறார்கள். விரிப்புகள் நேராகப் போகின்றன. திங்கட்கிழமைகளில் அவர் அந்தக் கதையைச் சொல்கிறார். அவள் அந்த இடத்தில் சிரிக்கிறாள். அவளால் அது எப்படி முடிகிறது என்று நான் கேட்கவில்லை. அது அவள் அவருக்குச் செய்கிற வேலை.

எனக்குத்தான் வினை. பட்டியல் போட்ட குற்றத்துக்கு, பச்ச், முர்த் என்ற அந்த இரண்டு சொல்லும் எனக்கு விளங்குகின்றன. அவருக்குத் தேற்றுவதற்கு இன்னொரு ஆள் கூடிவிடக்கூடாது என்று, அந்த இடம் வரும்போது நான் மடிப்பு மேசைப் பக்கம் திரும்பி, கையில் கிடைத்த துவாய்க்குள் முகத்தை வைத்துக்கொள்கிறேன். முகம் பட்ட துவாயை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாது. ஒவ்வொரு திங்களும் ஒரு துவாயைத் திரும்ப அழுக்குப் பக்கத்துக்கு எறிகிறேன்.